தட்டச்சு உதவி என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், புத்தகத்தை எழுதியது நான்

பென்சில்சீவி:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கப்பல் எஞ்சின் அறையில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தன் வாழ்க்கையைப் புத்தகமாகக் கொண்டுவர ஆசைப்பட்டார். பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது, ஆனால் எழுத உட்கார்ந்தால் அவருக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. தெரிந்தவர் மூலமாக என்னிடம் வந்தார். எட்டு மாதம், 46 ஒலிப்பதிவுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவர் சொன்னது எதுவும் வரிசையாக இருக்காது. கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், நடுவில் பாய்லர் வந்துவிடும், பாய்லரிலிருந்து அவருடைய அம்மாவுக்குப் போய்விடுவார். அத்தனையையும் கேட்டு, பிரித்து, எது முதலில் எது கடைசியில் என்று முடிவு செய்து, 21 அத்தியாயமாக எழுதினேன். தலைப்பு உட்பட நான் வைத்ததுதான்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். பதிவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அன்னிக்கு ராத்திரி எஞ்சின் நின்னு போச்சும்மா. நாலு மணி நேரம். எல்லாரும் பயந்துட்டோம். அப்புறம் சரி பண்ணிட்டோம்." புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம். "எஞ்சின் நின்ற பிறகுதான் கடலுக்கு என்று தனியாக ஒரு சத்தம் இருப்பதே என் காதில் விழுந்தது" என்று ஆரம்பிக்கும். பின்னட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அந்த வரியைத்தான்.

போன வாரம் புத்தகம் கைக்கு வந்தது. அட்டையில் அவர் பெயர் மட்டும். சரி, அவர் வாழ்க்கைதானே, பெரிதாக வருத்தமில்லை. உள்ளே திருப்பினால் "உரிமை: ஆசிரியருக்கு" என்று இருக்கிறது, அதாவது அவருக்கு. என் பெயர் எங்கே என்று தேடினேன். நன்றியுரையில், கடைசிப் பத்தியில், அட்டைப்படத்துக்கு ஸ்கேன் எடுத்துக் கொடுத்தவருக்கு அடுத்தபடியாக, "தட்டச்சு செய்து உதவிய" என்று போட்டு என் பெயர். அந்த வார்த்தையைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. தட்டச்சு செய்வது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் செய்த வேலை அது இல்லை.

பதிப்பகத்தில் கேட்டேன். "நீங்கதான் அதுக்குத் தொகை வாங்கிட்டீங்களே" என்றார்கள். வாங்கினேன், மூன்று தவணையாக. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. பணம் வாங்கிவிட்டால் எழுதியவர் என்ற பெயரும் சேர்ந்தே போய்விடுமா? இப்போது ஒலிப்புத்தகமாக வேறு கொண்டுவரப் போகிறார்களாம். பெரியவரைச் சங்கடப்படுத்தவும் மனமில்லை, அவருக்கு 80 தாண்டிவிட்டது, என்னிடம் மகளைப் போலத்தான் பேசுவார். என்ன செய்யலாம்?

மெய்ப்புமேசை:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வருத்தப்படுவது நியாயம். இருபது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன், "தட்டச்சு உதவி" என்ற இரண்டு வார்த்தைக்குக் கீழே எத்தனை பேருடைய எழுத்து புதைந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பதிப்புரிமை ஒன்று, அதாவது புத்தகத்தை அச்சிட, விற்க, மொழிபெயர்க்க, ஒலிப்புத்தகமாக்க யாருக்கு அதிகாரம் என்பது. (நிறையப் பேர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட். கடிதம் எழுதும்போது கவனமாக இருங்கள்.) இன்னொன்று, இதை எழுதியவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. தார்மீக உரிமை என்பார்கள். முதலாவது சொத்து மாதிரி, விற்கலாம், குத்தகைக்கு விடலாம். இரண்டாவது அப்படிக் கைமாறுவது இல்லை. 1886-ல் வந்த பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் 1928-ல் ரோம் மாநாட்டின்போது ஒரு உறுப்பைச் சேர்த்தார்கள். பொருளாதார உரிமைகளை முழுக்க விற்றுவிட்ட பிறகும்கூட, தான்தான் ஆசிரியர் என்று கோரும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று அதில் இருக்கிறது. இந்தியாவின் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 57 இதையே சொல்கிறது.

பணம் வாங்கியதைப் பற்றி. பணம் கொடுத்ததாலேயே உரிமை கைமாறிவிடாது. நீங்கள் அவரிடமோ பதிப்பகத்திலோ மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்த வேலையின் பகுதியாக இதை எழுதியிருந்தால் கதை வேறு, அப்போது முதல் உரிமையாளர் முதலாளிதான். நீங்கள் அப்படி இல்லை, ஒரு வேலையை ஒப்புக்கொண்டு தனியாகச் செய்து கொடுத்தவர். இந்தியச் சட்டத்தில் புகைப்படம், ஓவியம் மாதிரி சிலவற்றுக்கு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. எழுத்துக்கு அப்படி இல்லை. எழுத்தின் உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போட்டே கொடுத்தாலும், எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்திலும் தனியாக எழுதிக் கொடுப்பவர்தான் முதல் உரிமையாளர். அமெரிக்காவில் கூலிக்குச் செய்த படைப்பு (வொர்க் மேட் ஃபார் ஹயர்) என்று ஒரு வகை உண்டு, அதில் உரிமை எழுதச் சொன்னவருக்கே. அதற்கும், சம்பள வேலை இல்லையென்றால், இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் வேண்டும், அதுவும் சட்டத்தில் பட்டியல் போட்டிருக்கும் சில வகை எழுத்துகளுக்கு மட்டும்தான்.

அதனால் "தொகை வாங்கிட்டீங்களே" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

நிழல்வரி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பத்து வருடமாகப் பிறர் பெயரில் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். கோஸ்ட் ரைட்டிங் என்பதே பெயரை விட்டுக்கொடுத்து எழுதுவது. அதற்குத் தகுந்த மாதிரி தொகையும் கூடுதலாகக் கேட்பேன். நீங்கள் ஒப்புக்கொள்ளும்போது என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதுதான் முக்கியம். "நான்" என்று ஆரம்பிக்கும் தன்வரலாறு, அட்டையில் அவர் படம், அவர் பெயர் என்று தெரிந்தேதான் எழுதினீர்கள் என்றால் இப்போது கேட்பதில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கடல் சத்தம் வரி. அழகான வரி, மறுக்கவில்லை. ஆனால் அவர் அப்படி உணர்ந்தாரா, இல்லை நீங்கள் உணர்ந்து அவர் வாயில் வைத்தீர்களா? அடுத்தவர் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் எச்சரிக்கை இது. அந்த அனுபவத்தைப் பட்டவர் அவர். நாலு மணி நேரம் நடுக்கடலில் நின்றது அவர். நீங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினீர்கள். இதையும் தராசில் வைக்கத்தான் வேண்டும்.

பென்சில்சீவி:

நிழல்வரி, நேராகக் கேட்டதற்கு நன்றி. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

என்ன பேசிக்கொண்டோம் என்றால், பெயரை விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் எப்போதும் சொல்லவில்லை. முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியபோது அவர் வாட்ஸாப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினார். "படிக்கச் சொல்லிக் கேட்டேம்மா, நான் பேசின மாதிரியே இருக்கு, ஆனா எனக்கு இப்படி எழுத வராது. புஸ்தகம் வந்தா நம்ம ரெண்டு பேர் பேரும் வரும்" என்று. அதை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் பிறகு புத்தக வேலையை அவருடைய மகன் கையில் எடுத்துக்கொண்டார். அச்சுக்குப் போவதற்கு முன்னால் முன்பக்கங்களை எனக்குக் காட்டவே இல்லை.

கடல் சத்தம் வரி. நாலு வாக்கியத்தில் அவர் முடித்துவிட்டார் என்று சொன்னேன் இல்லையா, எனக்கு அது போதவில்லை. அடுத்த நாள் திரும்பவும் அதே இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். விளக்கு எரிந்ததா, யார் பக்கத்தில் நின்றார்கள், கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "என்ன சத்தம் கேட்டது ஐயா" என்று கேட்டதும் அவர் பேசாமல் இருந்தார். பதிவில் அந்த மௌனம் பதினோரு வினாடி. அப்புறம் சொன்னார், "தண்ணி வந்து தகட்டுல மோதுறது கேட்டுச்சும்மா. அத்தனை வருசத்துல அன்னிக்குத்தான் கேட்டேன்." சத்தம் அவருடையது. கேள்வி என்னுடையது. வாக்கியமும் என்னுடையது. எழுதி வாசித்துக் காட்டியபோது "ஆமா, ஆமா" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் வாயில் நான் எதையும் வைக்கவில்லை என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

நிழல்வரி:

இது தெரியாமல் கேட்டுவிட்டேன். அந்தக் குரல்பதிவு இருக்கிறதென்றால் நான் சொன்ன முதல் பாதியை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பெயர் வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் அந்தப் பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். போன் மாற்றும்போது காணாமல் போவது இந்த மாதிரி பதிவுகள்தான்.

பழையதீர்ப்பு:

சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். புத்தகம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் பல தடவை போயிருக்கிறது. உங்களுக்குப் பொருந்துகிற இரண்டைச் சொல்கிறேன், இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும்.

ஒன்று 1930-களில் இங்கிலாந்தில் நடந்தது. ஸ்டீவ் டோனகியூ என்று புகழ்பெற்ற குதிரைப் பந்தய வீரர். தன் அனுபவங்களை ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார், அவர் அதைக் கட்டுரைகளாக எழுதினார், டோனகியூவின் பெயரிலேயே செய்தித்தாளில் தொடராக வந்தது. அச்சாவதற்கு முன் டோனகியூ படித்துப் பார்த்து ஒப்புதலும் கொடுத்திருக்கிறார். சில வருடம் கழித்து அந்தப் பத்திரிகையாளர் எழுதிய அதே விஷயம் வேறொரு பத்திரிகையில் திரும்ப வெளிவர இருந்தபோது, என் அனுபவம், என் உரிமை, நிறுத்துங்கள் என்று டோனகியூ வழக்குப் போட்டார். தோற்றார். நடந்ததும் சொன்னதும் அவருடையதாக இருக்கலாம், ஆனால் பதிப்புரிமை என்பது அது மொழியாக எடுத்துக்கொண்ட வடிவத்துக்குத்தான், அந்த மொழியைக் கட்டியவர் பத்திரிகையாளர் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். டோனகியூவைக் கூட்டாசிரியர் என்றுகூட ஏற்கவில்லை.

இன்னொன்று இந்தியாவில், மௌலானா ஆசாத்தின் தன்வரலாறான 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்'. ஆசாத் மாலை நேரங்களில் உருதுவில் பேசுவார். ஹுமாயூன் கபீர் குறிப்பெடுத்து ஆங்கிலத்தில் எழுதுவார். எழுதியதை ஆசாத் வாசித்து, மாற்றி, சேர்த்து, வெட்டுவார். 30 பக்கத்தை மட்டும் 30 ஆண்டு கழித்துத்தான் வெளியிட வேண்டும் என்று முத்திரையிட்டு வைத்தார்கள். ஆசாத் 1958-ல் காலமானார். 1980-களின் கடைசியில் அந்தப் பக்கங்கள் வெளியாகும் நேரத்தில் குடும்பத்திலிருந்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஆசாத்தான் ஒரே ஆசிரியர், கபீர் வெறும் எழுத்தர் என்ற வாதத்தோடு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒரே நோக்கத்தோடு, அறிவை ஒன்று சேர்த்து உருவாக்கியது இது, அதனால் இருவரும் கூட்டாசிரியர்கள் என்ற முடிவுக்கு வந்தது.

உங்கள் கதையைப் படித்தால் எனக்கு ஆசாத்–கபீர் பக்கம்தான் சாய்வாகத் தெரிகிறது. நீங்கள் வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள், அவர் ஆமோதித்திருக்கிறார், திருத்தமும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டு அனுபவத்தை வெளியே எடுத்ததே நீங்கள்தான். எந்த வாக்கியம் யாருடையது என்று பிரித்தெடுக்க முடியாதபடி இரண்டு பேர் பங்கும் கலந்திருந்தால்தான் கூட்டுப் படைப்பு. கடல் சத்தம் வரி அதற்குப் பாடப்புத்தக உதாரணம் போல இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கூட்டாசிரியர் என்று வந்துவிட்டால் உங்கள் கையும் கட்டப்படும். அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் தனியாக இதை இன்னொரு பதிப்பகத்துக்குக் கொடுக்க முடியாது. அதே போல உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்களும் ஒலிப்புத்தகத்துக்கு உரிமை கொடுத்தது சரியா என்ற கேள்வி எழும். உங்களுக்குப் பிடிமானம் இருக்கும் இடம் அதுதான். ஒலிப்புத்தக வேலை இன்னும் முடியவில்லை, அதில் யார் யார் பெயரை வாசிப்பது என்ற பட்டியல் இன்னும் பதிவாகவில்லை, இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

ஒற்றைக்கொம்பு:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் மாமாவின் கையெழுத்துப் பிரதியை நான்தான் கணினியில் அடித்தேன், ஒற்றுப்பிழை எல்லாம் திருத்தினேன், சில வாக்கியங்களை உடைத்து எளிமையாக்கினேன். அப்போது நானும் கூட்டாசிரியரா?

மெய்ப்புமேசை:

இல்லை. பிழை திருத்துவதும் வாக்கியத்தை உடைப்பதும் செம்மையாக்கம். நன்றியுரையில் "செம்மையாக்கம்" என்று பெயர் போடச் சொல்லுங்கள், அது உங்களுக்கு உரியது. கூட்டாசிரியர் என்றால் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற முடிவுகளில் பெரிய பங்கு இருக்க வேண்டும்.

பழையதீர்ப்பு:

அந்தப் பங்கு பாதிக்குப் பாதி இருக்க வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு திரைக்கதை வழக்கு. நிக்கோலஸ் மார்ட்டின் என்ற எழுத்தாளர், அவரோடு அப்போது வாழ்ந்த ஜூலியா கோகன் என்ற பாடகி. ஒரு பாடகியின் வாழ்க்கையைப் பற்றிய திரைக்கதை, விசைப்பலகையில் உட்கார்ந்தது முழுக்க மார்ட்டின். 2017-ல் முதல் நீதிமன்றம் மார்ட்டின் மட்டுமே ஆசிரியர் என்றது. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, பேனாவை யார் பிடித்தார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று திரும்ப விசாரிக்கச் சொன்னது. 2021-ல் வந்த தீர்ப்பில் கோகனும் கூட்டாசிரியர்தான், பங்கு 20 சதவீதம் என்றார்கள்.

பென்சில்சீவி, இதை நீங்களும் கவனியுங்கள். பேனா பிடித்தது நான்தான், அதனால் எல்லாமே என்னுடையது என்று போய் நிற்க முடியாது. பெரியவருக்கும் பங்கு உண்டு.

பென்சில்சீவி:

எல்லாமே என்னுடையது என்று கேட்க எனக்கு ஆசையே இல்லை. அவர் இல்லாமல் ஒரு பக்கம்கூட இல்லை. ராயல்டியில் பங்கு வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. தட்டச்சு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு நான் செய்த வேலையின் பெயரைப் போட்டால் போதும்.

இருகரை:

மொழிபெயர்ப்பாளர். என் பெயர் அட்டையில் இல்லாமல் மூன்று புத்தகம் வந்திருக்கிறது, அதனால் இதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது.

அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். "என் பெயரைப் போடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் நன்றியுரையில் இன்னொரு வரி கூட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். எந்த இடத்தில், எந்தச் சொல்லோடு, எவ்வளவு பெரிய எழுத்தில் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. "தொகுப்பு" என்று போட்டால் வேறு யாரோ எழுதியதை நீங்கள் அடுக்கி வைத்தீர்கள் என்று ஆகிவிடும். "பதிவு" என்றால் ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தியவர். "உதவி" என்ற சொல் எங்கேயுமே வரக் கூடாது. "சொல்லக் கேட்டு எழுதியவர்" அல்லது "எழுத்தாக்கம்", இந்த இரண்டில் ஒன்று உங்கள் வேலைக்குச் சரியாக இருக்கும். முதலாவதில் பெரியவரின் இடமும் பத்திரமாக இருக்கிறது, சொன்னவர் அவர் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

இடம் என்றால் அட்டை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் தலைப்புப் பக்கம். நன்றியுரை வேண்டாம். நன்றியுரை என்பது ஆசிரியர் மனமுவந்து கொடுப்பது, அங்கே இருந்தால் அது உரிமை மாதிரித் தெரியாது, தயவு மாதிரித் தெரியும்.

வெளிநாட்டுப் பதிப்பு ஏதாவது வருமென்றால் இன்னும் கவனம். பிரான்சில் ஆசிரியர் பெயருக்கான உரிமையை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது, காலவரையறையும் இல்லை. இங்கிலாந்தில் நேர் எதிர், அந்த உரிமையை எழுத்தில் வலியுறுத்தினால்தான் செல்லும், வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிடலாம். ஆங்கிலப் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில் ஆசிரியராக அறியப்படும் உரிமையை இவர் வலியுறுத்தியிருக்கிறார் என்று ஒரு வாக்கியம் இருக்குமே, அது இதற்காகத்தான். அமெரிக்காவில் இந்தத் தார்மீக உரிமைக்கான தனிச் சட்டம் 1990-ல் ஓவியம், சிற்பம் மாதிரியான காட்சிக் கலைக்குத்தான் வந்தது, எழுத்துக்கு ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்வதுதான் வழி.

நிழல்வரி:

இருகரை சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஆனால் பதிப்பகத்துக்குக் கடிதம் போடுவதற்கு முன்னால் பெரியவரை நேரில் பாருங்கள். மகன் வழியாக வேண்டாம், நேரில். "தட்டச்சு" என்று போட்டது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தெரியாது என்றால் உங்கள் பக்கம் முதல் சாட்சியே அவர்தான்.

போகும்போது எடுத்துப் போகவேண்டியவை: அந்தக் குரல்பதிவு, உங்கள் முதல் வரைவு, அவர் திருத்தம் சொன்ன பிறகு வந்த வரைவு, தேதியோடு இருக்கும் மின்னஞ்சல்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்திருந்தால்தான் உரிமை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள், எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடும், பதிவு என்பது ஒரு சான்றுக்குத்தான். உங்கள் வரைவுகளே நல்ல சான்று.

பென்சில்சீவி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் சொன்னதை வைத்துத்தான் போனேன்.

அவருக்குத் தெரியாது. கண் பார்வை மங்கிவிட்டதால் புத்தகத்தை அவர் படிக்கவே இல்லை, பேத்தி முதல் அத்தியாயத்திலிருந்துதான் வாசித்துக் காட்டியிருக்கிறாள், முன்பக்கங்களை வாசிக்கவில்லை. "நன்றியுரையை வாசிம்மா" என்றார். அதில் மீதியெல்லாம் அவர் சொல்லி நான் எழுதியதுதான், கடைசிப் பத்தி மட்டும் பிறகு சேர்த்தது. வாசித்தேன். என் பெயர் வரும் இடத்தில் நிறுத்தாமல் போகப் பார்த்தேன், முடியவில்லை. "என்ன போட்டிருக்கு? திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, "எஞ்சினை நான் ஓட்டினேன், புஸ்தகத்தை இவதான் ஓட்டினா, இது கூடவா உனக்குத் தெரியல" என்றார். மகனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று இப்போது நம்புகிறேன். அப்பா பேசினார், நான் கணினியில் அடித்தேன், அவர் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான்.

எந்தச் சொல் போடலாம் என்று பெரியவரிடமே கேட்டேன். இருகரை சொன்ன இரண்டையும் வாசித்தேன். "சொல்லக் கேட்டு எழுதியவர்" என்பதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அதுதான் சரி என்றார்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு பக்கக் கடிதம் பதிப்பகத்துக்குப் போயிருக்கிறது. புத்தகம் எங்கள் இருவருடைய கூட்டுப் படைப்பு, ராயல்டி முழுக்க அவருக்கு, அடுத்த அச்சில் தலைப்புப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர், ஒலிப்புத்தகத்தில் தொடக்க அறிவிப்பிலேயே இரண்டு பெயரும். விற்காமல் இருக்கும் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறோம். ஒலிப்புத்தகத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அடுத்த அச்சுக்கும் சரி என்றார்கள். திருத்தச் சீட்டுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை, நாளைக்குத் திரும்பவும் கேட்கப்போகிறேன்.